மறுக்காதவர் முக்காலி

பேச முடியாத ஒருவர், தன்னால் பேச முடியாது என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வார்?

இந்தக் கேள்வியோடு நெப்ரிஸ் எங்கள் வார்சீனம் நகர அலுவலகத்தின் வாசல் தூணில் சாய்ந்து ஒரு காலை முழுக்க நின்றாள். அவளுக்கு விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எப்படி உருவானது என்பதை என்னால் படிப்படியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அது உருவான பலகைகள் எல்லாம் என் கைக்கு வந்தவை.

நான் அலுவலகத்தின் மெழுகுக்காரன். எழுத்தர்கள் மரப்பலகையில் பூசிய மெழுகின் மேல் இரும்பு ஊசியால் எழுதுவார்கள். நல்ல பிரதி எடுத்து முடிந்ததும் வரைவுப் பலகை என்னிடம் வரும். இளஞ்சூட்டில் காட்டி, தட்டைக் கரண்டியால் ஒரே இழுப்பாக இழுத்தால் எழுத்தெல்லாம் உருகி மட்டமாகிவிடும். சூடு அதிகமானால் மெழுகு ஓரத்தில் வழியும், குறைந்தால் பழைய எழுத்து நிழலாகத் தெரியும். இழுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்துவிடுவேன். அது வேலையில் சேர்ந்ததல்ல. நான் ஊருக்குச் சொந்தமான அடிமை. மொத்த ஊருக்கும் சொந்தம் என்பதால் குறிப்பாக யாரும் என்னைக் கவனிப்பதில்லை. "மெழுகு" என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் ஊரில் தகப்பன் பிடியிலும் கணவன் பிடியிலும் இல்லாத பெண்ணுக்குக் காப்பாளர் என்று ஓர் ஆண் இருப்பார். அவள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். கையை விட்டுப் போகிற காரியம் என்றால்தான், அதாவது நிலம், மாடு, கோவேறு கழுதை, அடிமை இவற்றில் ஒன்றை விற்பதோ விடுவிப்பதோ என்றால்தான், காப்பாளர் நேரில் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி "இசைந்தேன்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். பெண்ணின் மனம் லேசானது, யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்பது காரணம். வாங்கும்போது மட்டும் அதே மனம் எப்படிக் கனமாகிவிடுகிறது என்பதற்கு இருபது வருடப் பலகைகளில் விளக்கம் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.

நெப்ரிஸ் மண்விளக்கு செய்பவள். ஹோஸ்டிடியஸ் என்பவரின் விளக்குப் பட்டறையில் அடிமையாக இருந்தாள். அங்கேயே இயோலே என்ற மகளைப் பெற்றாள். அந்தக் குழந்தைக்கு ஏழு வயதானபோது ஹோஸ்டிடியஸ் புதுச் சூளை கட்ட வேண்டியிருந்தது. குழந்தையை கபுவா நகரத்தில் ஒரு சாயக்காரருக்கு விற்றுச் சூளையைக் கட்டினார். நல்ல சூளை, சீராக எரியும், ஒரு விளக்குகூட வெடிக்காது. அந்தச் சூளையில் நெப்ரிஸ் நாலு வருடம் வேலை செய்த விதத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து அவளை விடுதலை செய்தார். விடுதலை செய்தவரே அந்தப் பெண்ணுக்குக் காப்பாளர் என்பது விதி. ஆகவே அவரே காப்பாளரானார். இன்னும் ஏழு வருடம் கழித்து நெப்ரிஸ் கபுவாவுக்கு நடந்துபோய்த் தன் மகளை வாங்கிவந்தாள். வாங்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாங்கிய நாளிலிருந்து மகள் அவளுடைய சொத்து. பதினெட்டு வயது, ஏழு மாத வயிறு. யார் என்று நெப்ரிஸ் கேட்கவில்லை. சாயக்காரர் வீடுகளில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

இனி செய்ய வேண்டியது எளிது. நடுவர் முன்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கோல்காரர் கோலால் தோளைத் தொடுவார். மகளை ஒரு சுற்றுச் சுற்றிக் கையை விட்டுவிட வேண்டும். விடுவதுதான் சடங்கு. அவ்வளவில் அடிமை போய் சுதந்திரமான பெண் நிற்பாள். அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தையும் சுதந்திரம். அதற்கு முன்னால் பிறந்துவிட்டால் குழந்தை அடிமை. பாட்டிக்குச் சொந்தமான அடிமை. பாட்டி செத்தால், அவளை விடுவித்தவர் என்ற உரிமையில், எல்லாம் ஹோஸ்டிடியஸ் குடும்பத்துக்குப் போகும். கபுவாவிலிருந்து அவருடைய அண்ணன் மகன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். சூளையைத் தட்டிப் பார்த்தார், அடுக்கில் இருந்த விளக்குகளைப் பார்த்தார், இயோலேயின் வயிற்றைப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஹோஸ்டிடியஸ் "இசைந்தேன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் போன குளிர்காலத்தில் அவர் சூளை வாயிலேயே விழுந்தார். வலப்பக்கம் செத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தலை மட்டும் ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பட்டறையையும் அவரையும் நெப்ரிஸ்தான் பார்த்துக்கொண்டாள்.

முதல்முறை நெப்ரிஸ் தலைமை எழுத்தர் ட்ரெபியஸிடம் வந்தபோது நான் மூலையில் மெழுகு சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

"காப்பாளரைக் கூட்டிட்டு வாம்மா," என்றார் ட்ரெபியஸ். "ஒரே ஒரு சொல்லு. முடிஞ்சுது."

"அவருக்குப் பேச்சு போயிடுச்சுங்க ஐயா. குளிர்காலத்துல விழுந்துட்டாரு."

"யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"காப்பாளர் இல்லாம நீ சொல்றது எப்படிம்மா சொன்னதா ஆகும்?"

"அப்போ வேற காப்பாளரைப் போட்டுக் குடுங்க."

"தாராளமா. பழைய காப்பாளருக்கு வாய் வரலேன்னா புதுசா ஒருத்தரைப் போட நமக்கு அதிகாரம் இருக்கு. எனக்கு வாய் வரலேன்னு அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே போட்டுடலாம்."

"வாய் வராதவரு எப்படிங்க ஐயா சொல்லுவாரு?"

"சத்தமா," என்றார் ட்ரெபியஸ். "நடுவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"தலைய ஆட்டினா ஆகாதா?"

"எதுக்கு ஆட்டுவார்?"

"எல்லாத்துக்கும் ஆட்டுவாரு."

"பாத்தியா," என்றார் ட்ரெபியஸ் பரிவோடு.

அன்றுதான் அவள் தூணில் சாய்ந்து நின்றது.

எங்கள் அலுவலகத்தில் வழக்குகள் சந்தை நாளில் மட்டும் நடக்கும், எட்டு நாளுக்கு ஒருமுறை. அடுத்த சந்தை நாளில் நெப்ரிஸ் விளக்கு ஏற்றும் கைவண்டியில் வைக்கோல் பரப்பி, ஹோஸ்டிடியஸை அதில் உட்காரவைத்து, இயோலே பின்னால் தள்ள, தான் முன்னால் இழுத்துக்கொண்டு வந்தாள். நடுவர் அல்பூசியஸ் மேடையில் இருந்தார். மேடைக்கு எதிரே இரண்டு இருக்கைகள் உண்டு. வலப்பக்கம் உயர்ந்த முதுகு வைத்த நாற்காலி. வாக்குச் சொல்லும் ஆண்கள் அதில் உட்காருவார்கள். இடப்பக்கம் மூன்று கால் வைத்த குட்டையான முக்காலி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஹோஸ்டிடியஸை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அல்பூசியஸ் கேட்டார்: "நீர் பேச முடியாதவரா?"

ஹோஸ்டிடியஸ் தலை ஆடியது.

"தலையாட்டலைப் பதிவு பண்ண முடியாது. ஈ உக்காந்தாலும் மனுஷன் தலையாட்டுவான். மறுபடி கேக்குறேன். நீர் பேச முடியாதவரா?"

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அறை அமைதியாக இருந்தது. வெளியே கோழி விற்பவனின் குரல் மட்டும் வந்தது. அல்பூசியஸ் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் உரை என்று அர்த்தம். எழுத்தர்கள் புதுப் பலகை எடுத்தார்கள்.

"முப்பது வருஷமா ஊர்க் காரியம் பாக்குறேன்," என்றார். "கேள்வியை நான் முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்ற ஆளுங்களைப் பாத்திருக்கேன். என் வீட்டுக்காரி நான் கேக்காத கேள்விக்கே பதில் சொல்லுவா. இவரைப் பாருங்க. ஒரு பெண்ணோட சொத்து கையை விட்டுப் போற விஷயம். மூணு தடவை கேட்டும் அவசரப்படல. எவ்வளவு பாரம், எவ்வளவு நிதானம். ஆணோட மௌனம்ங்கிறது யோசனை. அந்த யோசனைக்கு நாம இடம் குடுக்கணும். அடுத்த சந்தைக்கு ஒத்தி வைக்கிறேன்."

"அவரு யோசிக்கலைங்க ஐயா," என்றாள் நெப்ரிஸ். "அவரால முடியல. குழந்தை பொறந்துடுமுங்க."

யாரும் திரும்பவில்லை. அன்று மாலை வந்த பலகையில் நடுவரின் உரை முழுவதும் இருந்தது. "காப்பாளர் பரிசீலிக்கிறார்" என்று முடிவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நெப்ரிஸ் பேசிய இடத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: "அறையில் சத்தம்."

அதை அழிக்கக் கொஞ்சம் அதிகச் சூடு வைக்க வேண்டியிருந்தது. ட்ரெபியஸ் அழுத்தி எழுதுவார்.

அலுவலக விளக்குகள் உடைந்தால் புதிது வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். அதனால் பட்டறைக்கு அடிக்கடி போவேன். நெப்ரிஸ் அச்சில் களிமண்ணை அமுக்கி, மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒட்டி, திரித் துளையைக் குச்சியால் குத்துவாள். வேலை செய்தபடியே பேசிக்கொண்டிருப்பாள். "மண்ணு இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி இல்ல?" என்பாள். ஹோஸ்டிடியஸ் தலையாட்டுவார். "இன்னும் கொஞ்சம் அவரைக்காய் போட்டுக்கிறியா?" என்பாள். இயோலே தலையாட்டுவாள். "வேண்டாமா?" என்றாலும் தலையாட்டுவாள். அந்த வீட்டில் இரண்டு பேர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒருவருக்கு நோய். இன்னொருத்திக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

இயோலே சுவரோரமாக, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பாள். வாய் திறந்தால் "சரிங்க எசமானியம்மா" என்பது மட்டும் வரும். நெப்ரிஸ் அதைத் திருத்துவதை விட்டுவிட்டாள். திருத்தியபோது அவள் "சரிங்க எசமானியம்மா" என்றாளாம்.

"ராத்திரி நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொல்லிப்பேன் மெழுகு," என்றாள் ஒருநாள் திரித் துளையைக் குத்திக்கொண்டே. "குரல் எப்படி இருக்கும்னு மறந்துடக் கூடாதில்ல."

அடுத்த சந்தை நாளில் ஹோஸ்டிடியஸ் தொடர்ந்து பரிசீலித்தார். அதற்கடுத்த வாரம், அலுவலகம் ஒரு மூவர் குழுவை அனுப்பியது. முன்னாள் நடுவர் ஒருவர், ஊர் அறிவிப்பாளர், ஒலிவ எண்ணெய் வியாபாரி ஒருவர். மூவரும் பட்டறைக்கு வந்து நெப்ரிஸ் வைத்த ரொட்டியையும் அவரைக்காயையும் மீன்சாறு விட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு அறிவிப்பாளர் ஹோஸ்டிடியஸின் காதோரம் தேர்தல் அறிவிப்பு ஒன்றை முழுவதும் படித்தார். வியாபாரி பின்னாலிருந்து ஒரு கூரை ஓட்டைக் கீழே போட்டார். முன்னாள் நடுவர் வாயைத் திறந்து பார்த்தார். அறிக்கை இப்படி வந்தது: "காது கேட்கிறது. திடுக்கிடுகிறார். நாக்கு இருக்கிறது. ஆய்வு முழுவதும் பேசவில்லை என்பது நிரூபணம். பேச முடியாது என்பது நிரூபணம் இல்லை. அவரைக்காய் நன்று."

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அலுவலகத்துக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

எப்படி என்று சொல்கிறேன். காப்பாளர் இறந்துபோன பெண்களுக்குப் புதுக் காப்பாளரை நியமிப்பது ட்ரெபியஸின் வேலை. நியமிக்கும் முன்பு அந்த ஆள்மேல் ஏதாவது குறை இருக்கிறதா என்று பழைய பதிவுகளைப் பார்ப்பார். எல்லா ஆண்கள்மேலும் ஏதாவது இருக்கும்: அவசரப்பட்டு இசைந்தார், குடித்துவிட்டு இசைந்தார், கைநீட்டி வாங்கிக்கொண்டு இசைந்தார். ஹோஸ்டிடியஸ் மேல் ஒரு சொல் இல்லை. சமீபத்தில் எதற்குமே அவர் இசையவில்லை. ஒரே வாரத்தில் மூன்று பெண்களுக்கு அவரைக் காப்பாளராகப் போட்டுவிட்டார்கள்.

அதில் ஒருத்தி கால்வியா. வண்டிக்காரரின் விதவை. கிழட்டுக் கோவேறு கழுதை ஒன்றை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவள். வந்து ஹோஸ்டிடியஸ் எதிரே உட்கார்ந்து, ஆடும் தலையை வெகுநேரம் பார்த்தாள்.

"பழைய காப்பாளர் குடிகாரன்," என்றாள் நெப்ரிஸிடம். "ஆனா பேசுவான். என் கழுதைகூடப் பேசும்டி, குச்சி எடுத்தா. இவரை நான் என்ன பண்றது?"

"நானும் அதைத்தான் ஒரு மாசமா யோசிக்கிறேன்."

"நம்மள்ல யார் முதல்ல சாவோம்னு பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்."

மற்ற இருவரும் வந்தார்கள். நான்கு பெண்களும் பட்டறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே தலையைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தன் காரியம் தன் மூலையோடு சரி. நான் இரண்டு விளக்குகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இயோலேக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியபோது நடுவர் அல்பூசியஸ் வீட்டில் நிச்சயதார்த்தம் வந்தது. அவருக்கு மூன்று மகள்கள். எங்கள் வழக்கப்படி மூன்று பேருக்கும் அப்பாவின் குடிப்பெயரான அல்பூசியா என்பதே பெயர். கடைசி அல்பூசியாவுக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளை கபுவாவில் திராட்சைத் தோட்டக்காரர். வீட்டுக்கு நாற்பது புது விளக்குகள் வேண்டும் என்று நெப்ரிஸிடம் சொல்லியிருந்தார்கள். ஓடும் முயல் பதித்த அச்சில் நாற்பதும் செய்து, எண்ணெய்ச் சட்டியோடு அவள் போயிருந்தாள். நானும் போயிருந்தேன். முக்காலியைச் சுமந்துகொண்டு.

அந்த முக்காலி பற்றி இப்போது சொல்கிறேன். நிச்சயதார்த்தத்தைப் பதிவு செய்யும்போது பெண்ணை உட்காரவைக்கும் இருக்கை அது. அலுவலகத்தில் அதை மறுக்காதவர் முக்காலி என்போம். பெரிய வீடு என்றால் முக்காலியே வீட்டுக்குப் போகும். அதோடு கொக்கியில் தொங்கும் காவிநிற முக்காடும் போகும். அது அலுவலகத்துச் சொத்து. எத்தனையோ தலைகளின் எண்ணெய் வாசனை அதில் இருக்கும்.

கடைசி அல்பூசியாவை உட்காரவைத்தார்கள். கால் தரைக்கு எட்டியது, அவ்வளவு குட்டையான முக்காலி. முக்காட்டைப் போட்டார்கள். ட்ரெபியஸ் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்: "மறுக்கிறாயா?"

பெண் எதிரே இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முயல் ஓடிக்கொண்டிருந்தது.

ட்ரெபியஸ் மூன்று மூச்சு விட்டார். "மறுக்கவில்லை," என்று எழுதினார். முடிந்தது. ஊசி பட்ட இடத்தில் மெழுகுத் துகள்கூட உதிர்ந்திருக்காது.

மாப்பிள்ளையின் அப்பா ஆச்சரியப்பட்டார். "இவ்வளவுதானா? எங்க ஊர்ல கொஞ்சம் நேரம் ஆகும்."

"இங்க ரொம்ப மென்மையான முறை," என்றார் அல்பூசியஸ். "பொண்ணுகிட்ட 'இசையிறியா'ன்னு கேட்டா அது சங்கடப்படும். அந்தச் சங்கடத்தை நாங்க குடுக்கிறதில்ல. 'மறுக்கிறியா'ன்னுதான் கேப்போம். வாய் திறக்கலேன்னா சம்மதம்."

"திறந்துட்டா?"

"அது கூச்சம். கூச்சம்னா சம்மதம்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். பெண் இன்னும் முயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் எண்ணெய்ச் சட்டியோடு நின்ற நெப்ரிஸ் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது என் பக்கத்தில் நடந்தாள். முக்காலி என் தலையில் இருந்தது.

"மெழுகு, அது ஆபீசோட முக்காலிதானே?"

"ஆமா."

"அதுல யார் வேணாலும் உக்காரலாமா?"

"இதுவரைக்கும் பொண்ணுங்கதான் உக்காந்திருக்காங்க."

"அதைக் கேக்கல."

நான் இருபது வருடப் பலகைகளை மனதில் புரட்டினேன். படிவம் எனக்கு மனப்பாடம். கேட்கப்படுபவர் முக்காலியில் அமர வேண்டும், தலை மூடியிருக்க வேண்டும், மூன்று மூச்சு பொறுக்க வேண்டும். யார் உட்காரக் கூடாது என்று ஒரு வரியும் இல்லை. வேறு யாராவது உட்காரக்கூடும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

"உக்காரலாம்," என்றேன்.

நாலு நாள் கழித்துச் சந்தை நாள். நெப்ரிஸ் கைவண்டியை இழுத்துவந்தாள். தள்ள வேண்டிய இயோலே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தாள். வந்ததும் வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். நெற்றி வேர்த்திருந்தது.

"வலிக்குதா?" என்றாள் நெப்ரிஸ்.

இயோலே தலையாட்டினாள்.

"வலிக்கலையா?"

அதற்கும் தலையாட்டினாள். நெப்ரிஸ் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேகமாக உள்ளே போனாள். கூடவே வந்திருந்த கால்வியாவும் நானும் ஹோஸ்டிடியஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். வழக்கம்போல ட்ரெபியஸ் நாற்காலியைக் காட்டினார். நெப்ரிஸ் அவரை நாற்காலியைத் தாண்டிக் கொண்டுபோய் முக்காலியில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் முதுகைத் தன் முழங்காலால் தாங்கிக்கொண்டாள். கொக்கியிலிருந்து முக்காட்டை எடுத்து அவர் தலையில் போட்டாள். முக்காட்டுக்குள் தலை ஆடிக்கொண்டிருந்தது.

அல்பூசியஸ் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன இது?"

"கேள்விய அந்தப் படிவத்துல கேளுங்கய்யா," என்றாள் நெப்ரிஸ். "நான் விடுவிக்கிறதை அவரு மறுக்கிறாரான்னு."

"அது பொண்ணுங்களுக்கான முறை. ட்ரெபியஸ், சொல்லும்."

ட்ரெபியஸ் படிவத்தை எடுத்தார். படித்தார். இன்னொருமுறை படித்தார். படிவத்தின்மேல் அவருக்கு அளவு கடந்த மரியாதை உண்டு. "முக்காலி இருக்கு ஐயா. முக்காடு இருக்கு. கேட்கப்படுபவர்னு போட்டிருக்கு. யாருன்னு போடல."

"ஆணோட மௌனம் யோசனைய்யா. அதை நான் இங்கயே நின்னு சொல்லியிருக்கேன்."

அன்று மாப்பிள்ளையின் அப்பா அறையில்தான் இருந்தார். சீர்ப் பலகையில் முத்திரை வைக்க வந்தவர், வாசலுக்குப் பக்கத்தில் மோதிரத்தைத் துடைத்தபடி காத்திருந்தார்.

நெப்ரிஸ் நடுவரைப் பார்க்கவில்லை. கால்வியாவைப் பார்த்துச் சொன்னாள், சாதாரணமாக, சந்தையில் வெங்காயம் பற்றிப் பேசுவதுபோல. "முக்காலில உக்காந்தவங்க மௌனம் யோசனைன்னா, நாலு நாளைக்கு முன்னாடி உக்காந்த பொண்ணும் யோசிச்சுட்டுத்தான் இருந்திருக்கும் இல்ல?"

"இன்னும் யோசிச்சுட்டு இருக்கும்," என்றாள் கால்வியா. "சின்னப் பொண்ணு. மெதுவாத்தான் யோசிக்கும்."

பெண்கள் பேசினால் அது அறையில் சத்தம். சத்தத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதிவிலும் வராது. ஆனால் காதில் விழும். மாப்பிள்ளையின் அப்பா மோதிரத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

அல்பூசியஸ் அவரைப் பார்த்தார். முக்காட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். "ஒரே இருக்கைக்கு ரெண்டு சட்டம் இருக்க முடியாது," என்றார். "மௌனம் சம்மதம்ங்கிறது நம்ம முன்னோர் காலத்துலேர்ந்து வர்ற உறுதியான விதி. அதை யாரும் சந்தேகப்பட இந்த ஊர்ல நான் விடமாட்டேன். கேளும் ட்ரெபியஸ்."

ட்ரெபியஸ் கேட்டார்: "ஹோஸ்டிடியஸ், இந்தப் பெண் தன் அடிமை இயோலேயை விடுவிப்பதை மறுக்கிறீரா?"

முதல் மூச்சு.

அன்று மேற்குக் காற்று. வாசல் வழியாக வந்து முக்காட்டைத் தூக்கியது. இரண்டாம் மூச்சில் அது அவர் தலையிலிருந்து நழுவித் தோளுக்கு வந்தது. தலை மூடியிருக்க வேண்டும் என்பது விதி. முக்காடு விழுந்தால் செல்லாது, அடுத்த சந்தைக்குப் போய்விடும். நெப்ரிஸின் இரண்டு கையும் அவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தன. விட்டால் அவர் சரிந்துவிடுவார்.

ஹோஸ்டிடியஸின் இடது கை மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. மண்ணில் பழகிய விரல்கள் நழுவிய துணியைத் தேடிப் பிடித்தன. அதைத் தலைக்கு மேல் இழுத்து, தாடைக்குக் கீழே ஒன்று சேர்த்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் கையால்தான் குழந்தையைச் சாயக்காரரின் வண்டியில் தூக்கி வைத்தார் என்று நெப்ரிஸ் எனக்குச் சொல்லியிருக்கிறாள். வலது கையில் சூளைக்கான வரைபடம் இருந்ததாம்.

மூன்றாம் மூச்சு.

"மறுக்கவில்லை," என்று எழுதினார் ட்ரெபியஸ்.

இயோலேயைத் தூணிலிருந்து பிரித்துக் கூட்டிவந்தார்கள். நெப்ரிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோல்காரர் தோளைத் தொட்டார். நெப்ரிஸ் மகளை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கையை விட வேண்டும். கொஞ்சம் தாமதமாக விட்டாள். கோல்காரர் இருமினார். விட்டாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஹோஸ்டிடியஸை வண்டியில் ஏற்றினோம். முக்காட்டை அவரிடமிருந்து வாங்கி நான் கொக்கியில் மாட்டினேன். கால்வியா உள்ளேயே நின்றுவிட்டாள். அடுத்த சந்தை நாளில் அதே முக்காலி தன் கழுதைக்காகவும் வேண்டும் என்று ட்ரெபியஸிடம் சொல்லிவைக்க.

நெப்ரிஸ் மகளுக்கு எதிரே, கையைத் தொடாமல் நின்றாள். "இனிமே நீ எங்க வேணாலும் போலாம்," என்றாள். "கபுவாவுக்குப் போகணும்னாலும் சரி. யாரும் கேக்க மாட்டாங்க. வீட்டுக்கு வர்றியா?"

இயோலே தலையாட்டினாள்.

"தலையாட்டாத. சொல்லு."

நெப்ரிஸ் வண்டியின் பிடியை எடுக்கவில்லை. சந்தைக்காரர்கள் வண்டியைச் சுற்றிப் போனார்கள். ஒருவன் வழியை விடச் சொல்லித் திட்டினான். மூன்று மூச்சுக்கு மேல் எத்தனையோ மூச்சு போனது. நெப்ரிஸ் நின்றுகொண்டே இருந்தாள்.

"வலிக்குது," என்றாள் இயோலே.

"எப்பலேர்ந்து?"

"விடியக்காலைலேர்ந்து."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அப்போ நீங்க எசமானி."

நெப்ரிஸ் மறுபடியும் கேட்டாள். "வீட்டுக்கு வர்றியா?"

"வர்றேன்," என்றாள் இயோலே. "வண்டிய என்னால தள்ள முடியாது."

நான் தள்ளினேன். குழந்தை அன்று பொழுது சாய்வதற்குள், அந்த நல்ல சூளையின் வெதுவெதுப்புக்குப் பக்கத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் பிறந்தது.

இதே கேள்வியோடு வேறு யாராவது அந்தத் தூணில் சாய்ந்து நிற்கலாம் என்பதால் விடையைச் சொல்லிவிடுகிறேன். பேச முடியாத காப்பாளரை நாற்காலியில் உட்காரவைக்கக் கூடாது. அதில் அவர் மௌனம் யோசனையாகிவிடும். முக்காலியில் உட்காரவைத்து, தலையை மூடி, "இசைகிறீரா" என்று கேட்காமல் "மறுக்கிறீரா" என்று கேட்க வேண்டும். மூன்று மூச்சு பொறுத்தால் வேலை முடிந்துவிடும். பேச முடிந்தவர்களிடம் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அவர்களிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும்.